முதியோர் வீழ்ச்சியும் மக்கள் கடமையும்

தவழும் குழந்தை எழுந்து நடக்க முயன்று விழுந்தால் வீடே ஓடிவந்து தூக்குகிறது. மீண்டும் நடக்கச் சொல்லி ஊக்குகிறது. அதே வீட்டில் எழுபது வயது கடந்த தந்தை விழுந்தால் நாம் என்ன செய்கிறோம்? தூக்கி விடுகிறோம், தூக்கும்போதே, "பார்த்து நடக்கக் கூடாதா?" என்று கடிந்து கொள்கிறோம். நமக்கு நடை கற்பித்த நாளில் அவர் நம்மிடம் இக்கேள்வியைக் கேட்டதில்லை. இக்கேள்வியில் அடங்கியுள்ள அறியாமையைக் குறித்தே, சிறப்பாகப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் கண்ட முதியவர்களை மனத்திற்கொண்டு, சில கருத்துகளைக் கூற விழைகின்றோம்.

விழுதல் முதுமையின் இயல்பு என்று கருதி வாளாவிருப்பது பெருந்தவறாகும். உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்ததன் விளைவாக உயிரிழக்கின்றனர் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கு. அவர்களுள் 60 வயது கடந்தோரே மிகுதி. அமெரிக்க மருத்துவர் மேரி டினெட்டியும் அவர்தம் குழுவினரும் 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை ஓராண்டு கண்காணித்து 1988-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். விழுவதற்குரிய காரணக்கூறுகள் எதுவும் இல்லாதோருள் விழுந்தவர் 8 விழுக்காட்டினர். நான்கும் அதற்கு மேலும் உடையோருள் விழுந்தவர் 78 விழுக்காட்டினர். வீழ்ச்சிக்குக் காரணம் ஒன்றன்று. பல சிறு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தே ஒருவரைத் தள்ளுகின்றன என்பது இதனால் விளங்கும். ஒவ்வொன்றாக நீக்கினால் வீழ்ச்சியையும் குறைக்கலாம் என்பது இதன் மறுபக்கம்.

இவ்வுண்மையை நாங்கள் நூல்களில் கற்றதற்கு முன் வீட்டில் கற்றோம். எங்கள் தந்தையாருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் என்று அறிந்து, மூன்று திங்களுக்கு ஒருமுறை ஊசி போட்டு வந்தோம். நோய் அடங்கியிருக்கிறது என்ற நிறைவில் இருந்தபோது, ஒரு மழைக்காலத்தில் அடுத்தடுத்து மூன்று முறை விழுந்தார். மூன்றும் இரவில், மூன்றும் கழிவறைக்குச் செல்லும் வழியில். "அத்தா, பார்த்து நடக்கக் கூடாதா?" என்று நாங்களும் கேட்டோம். கைத்தடி வாங்கித் தந்தோம். அது மூலையில் நின்றது. நான்காம் முறை மணிக்கட்டு முறிந்தது.

அன்று மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் அவர் அருகில் அமர்ந்து, "விழுவதற்குச் சற்று முன்பு என்ன செய்துகொண்டிருந்தீர்கள் ஐயா?" என்று கேட்டார். தந்தையார் எங்களைப் பார்த்தார், பேசவில்லை. நாங்கள் வெளியே சென்றபின்னரே பேசினார். இரவில் ஐந்து முறை எழுவதாகவும், துணி நனைந்துவிடுமோ என்ற அச்சத்தில் விரைவதாகவும், மருமகள் பார்த்துவிடக் கூடாதென்று விளக்கைப் போடுவதில்லை என்றும், இதற்காகவே மாலையிலிருந்து தண்ணீர் அருந்துவதை நிறுத்திவிட்டதாகவும் கூறினாராம். எழுந்தவுடன் கண் இருட்டும் என்பதையும் அன்றுதான் சொன்னார். ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த நமக்கு இவற்றுள் ஒன்றேனும் தெரியாதே என எண்ணி வெட்கினோம்.

மருத்துவர் பின்னர் விளக்கிய செய்திகள் ஒவ்வொரு குடும்பமும் அறிய வேண்டியவை. ஆண்மைக்குரிய இயக்குநீரைத் தடுத்தால் இப்புற்று ஒடுங்கும் என்பதைச் சிக்காகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் நிறுவினார்; அதற்காக 1966-இல் நோபல் பரிசும் பெற்றார். இன்றும் பல நோயாளிகளுக்கு உயிர் காப்பது அச்சிகிச்சையே. ஆயினும் அவ்வியக்குநீர் எலும்பின் உறுதிக்கும் தசையின் வலிமைக்கும் துணைநிற்பது. அது குறையும்போது எலும்பு தேய்கிறது, தொடை மெலிகிறது, களைப்பு மேலிடுகிறது. 50,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பற்றி 2005-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், நோய் கண்டபின் குறைந்தது ஐந்தாண்டு வாழ்ந்தோருள், இச்சிகிச்சை பெற்றவர்களில் 19.4 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 12.6 விழுக்காட்டினருக்கும் எலும்பு முறிவு நேர்ந்திருந்தது. பின்வந்த மாத்திரைகளும் இதற்கு விலக்கல்ல. அபலூட்டமைடு பற்றிய 2018-ஆம் ஆண்டு ஆய்வில் அம்மருந்தை உண்டோருள் 15.6 விழுக்காட்டினரும், ஏனையோருள் 9 விழுக்காட்டினரும் விழுந்தனர்.

இவற்றோடு, சிறுநீர் எளிதாகப் பிரியத் தரும் டாம்சுலோசின் போன்ற மாத்திரைகள் சிலருக்கு எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தைத் தாழ்த்திக் கண்ணை இருட்டச் செய்யும். தண்ணீரும் அருந்தாவிடில் அது மேலும் தாழும். தூக்க மாத்திரையும் சேர்ந்தால் சொல்ல வேண்டுவதில்லை. இதற்காக மருந்துகளைத் தாமாக நிறுத்திவிடலாகாது. எல்லா மருந்துகளையும் ஒரு பையிலிட்டு மருத்துவர் முன் வைத்து, படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் அழுத்தத்தை அளக்கச் சொல்லி, எலும்பின் அடர்த்தியைச் சோதிக்க வேண்டுமா என்று கேட்பதே முறை.

காலந்தாழ்த்தக் கூடாத அறிகுறிகளும் உள. இந்நோய் எலும்புக்குப் பரவும்போது முதுகெலும்பை நாடுவது மிகுதி. புதிதாக முதுகுவலி தோன்றி, கால்கள் வலுவிழந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீரும் மலமும் கட்டுப்பாடு இழந்தாலோ, திடீரென அடைபட்டாலோ, தண்டுவடம் நசுங்குகிறது என்று ஐயுற்று அன்றே மருத்துவமனை சேர வேண்டும். நாளை என்று தள்ளிப்போட்டால் நடை மீளாமற் போகலாம். விழுந்து தலையில் அடிபட்டவர், அதிலும் இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர், நலமாகத் தோன்றினாலும் உடனே பரிசோதிக்கப்பட வேண்டும். இடுப்பு வலித்து எழ இயலாதவரை இழுத்துத் தூக்கலாகாது.

சிலர் இன்னொரு தவறு செய்கின்றனர். "நீங்கள் படுத்தே இருங்கள், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று அன்பின் பெயரால் சிறை வைக்கின்றனர். நடவாத கால் நாளடைவில் நிற்கவும் மறக்கும். அடுத்த வீழ்ச்சியை அதுவே அழைத்துவரும். கட்டிலின் விளிம்பில் சற்று அமர்ந்து பின் எழுதல், மருத்துவர் காட்டும் பயிற்சிகளை நாள்தோறும் செய்தல், பகலில் போதிய நீர் அருந்தி இரவில் குறைத்தல் ஆகியவையே வேண்டுவன. வழியில் அணையாத சிறு விளக்கு, கழிவறைச் சுவரில் பிடிகம்பி, ஈரமற்ற தரை, கட்டிலருகே சிறுநீர்ப் புட்டி, காலில் தடுக்காத உயரத்தில் கட்டிய கைலி, வழுக்காத செருப்பு: இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு நாள் மருத்துவமனைச் செலவினும் குறைவே.

நம் இல்லங்களில் இன்னொன்றையும் கருத வேண்டும். சிறுநீர் கசிந்தால் ஒளு முறியுமே என்று அஞ்சி, பெரியவர்கள் வைகறை இருளில் மீண்டும் மீண்டும் கழுவச் செல்கின்றனர், தரை நனைகிறது. சிறுநீரைக் கட்டுப்படுத்த இயலாத நோயாளிக்கு மார்க்கச் சட்டத்தில் சலுகை உண்டு. நிற்க இயலாதவர் அமர்ந்து தொழவும் இடமுண்டு. ஆலிம் ஒருவரை வீட்டிற்கு அழைத்து அவர் வாயால் இதனைச் சொல்லச் செய்வது, கைத்தடி வாங்கித் தருவதினும் பெரிய உதவியாகும்.

மருந்தும் பிடிகம்பியும் பணத்தால் வருவன. தந்தை தம் கூச்சத்தைக் கடந்து மகனிடம் பேசும் நிலையோ பணத்தால் வருவதன்று. கடிந்து பேசும் வீட்டில் முதியவர் விழுந்ததையும் மறைப்பார். மறைத்த வீழ்ச்சி மருத்துவரை எட்டாது. மாணவச் செல்வங்களே! அடுத்தமுறை விடுதியிலிருந்து ஊருக்குச் செல்லும்போது பாட்டனாரின் அருகில் அமர்ந்து, "இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள்? எழும்போது கண் இருட்டுகிறதா?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால் காத்திருங்கள். எங்கள் தந்தையார் நான்கு வீழ்ச்சிகளுக்குப் பின்னர் ஒரு மருத்துவரிடம் சொன்னதை, முதல் வீழ்ச்சிக்கு முன்னரே நாங்கள் கேட்டுப் பெற்றிருக்க முடியும். அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டா.