தூரிகை பிடித்த கைக்கும் கூலி வேண்டும்

கொச்சியிலிருந்து தனுஷ்கோடிக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை போடிமெட்டில் மாநில எல்லையைக் கடந்து, 17 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிப் போடிநாயக்கனூரை நோக்கிச் செல்கிறது. தேனி மாவட்டத்துப் பெண் தொழிலாளர்கள் அதிகாலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்து அமர்ந்து, இந்தச் சாலை வழியாகத்தான் இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள். இதே சாலையின் மேற்கு முனையான கொச்சியில் 2012 முதல் கொச்சி முசிறி பினாலே என்னும் பன்னாட்டுக் கலைக் கண்காட்சி நடந்துவருகிறது. கலைக் கல்லூரி மாணவர்களுக்கென அதில் 2014 முதல் தனிப் பிரிவும் உண்டு. ஜீப்பில் போகும் தாயின் மகள் ஓவியத்தில் பட்டம் பெற்றால், அவளுடைய படைப்பு கொச்சியில் ஒரு சுவரில் தொங்கக்கூடும். கண்காட்சி முடிந்த மறுநாள் அவள் எதை வைத்துப் பிழைப்பாள்? கலைக் கல்வி குறித்துப் பேசும் அரசுகள் விடை சொல்லாமல் கடந்துபோகும் கேள்வி இது.

எல்லையின் இருபுறமும் இந்தப் பிள்ளைகளுக்குத் தொடக்கமே தூரம்தான். தமிழ்நாட்டில் அரசுக் கவின்கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ளன. சென்னைக் கல்லூரி 1850-இல் தொடங்கப்பட்டது. கேரளத்தில் திருவனந்தபுரம், மாவேலிக்கரை, திருச்சூர் என்று போகவேண்டும். மலையிலிருந்து எங்கு போனாலும் விடுதிச் செலவு, வண்ணச் செலவு, திரைச்சீலைச் செலவு. இடுக்கித் தோட்டங்களில் வாழும் தமிழ் தலித் குடும்பங்களுக்கு மற்றுமொரு தடையும் உண்டு. 1950-க்கு முன்பே கேரளத்தில் குடியேறியதற்கு ஆவணம் காட்டினால்தான் அங்கே சாதிச் சான்றிதழ் கிடைக்கும். தலைமுறை தலைமுறையாக லயத்து வீட்டில் வாழ்ந்தவர்களிடம் பட்டா ஏது, பழைய பத்திரம் ஏது? சான்றிதழ் இல்லையேல் இட ஒதுக்கீடும் இல்லை, கட்டணச் சலுகையும் இல்லை.

இத்தனையும் தாண்டிப் பட்டம் பெற்றவருக்கு முன்னால் இருக்கும் கதவுகள் எவை? முதல் கதவு பள்ளி. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றைக் கற்பிக்க 2012-இல் 16,549 பகுதிநேரப் பயிற்றுநர் பணியிடங்கள் நிரப்பப்பட்டன. வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய், மே மாதத்துக்குச் சம்பளமே இல்லை. ஊதியம் பின்னர் சிறுகச் சிறுக உயர்ந்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுதோறும் சென்னைக்கு வந்து போராடவேண்டியிருந்தது. ஓவிய வகுப்பை உபரியாகக் கருதும் கல்விக்கொள்கை, ஓவிய ஆசிரியரையும் உபரியாகவே நடத்துகிறது.

இரண்டாவது கதவு சந்தை. ‘படைப்பாற்றல் பொருளாதாரம்’ என்ற சொல்லை ஒன்றிய அரசு இப்போது அடிக்கடி உச்சரிக்கிறது. 2022-23 நிதிநிலை அறிக்கையில் அனிமேஷன், காட்சி விளைவுகள், கணினி விளையாட்டு, காமிக்ஸ் துறைகளுக்கெனப் பணிக்குழு அறிவிக்கப்பட்டது. ஆனால் அத்துறைகளில் நுழையும் இளைஞரின் வேலைநேரம், ஊதியம், பணிப் பாதுகாப்பு பற்றிய பேச்சு எழுவதில்லை. மற்றவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை ஒன்றுதான்: நீயே உன்னை விற்றுக்கொள், வாய்ப்பு வரும்வரை காத்திரு. யாரால் காத்திருக்க முடியும்? வீட்டு வாடகையைத் தந்தை கட்டும் நகரத்துப் பிள்ளையால் மூன்றாண்டுகள் ஊதியமின்றிப் ‘பயிற்சி’ பெறமுடியும். மாதக் கடைசியில் தாய்க்குப் பணம் அனுப்பவேண்டிய பிள்ளையால் மூன்று மாதங்கள்கூட முடியாது. திறமையின் போட்டி என்று சொல்லப்படுவது பெரும்பாலும் காத்திருக்கும் வசதியின் போட்டியே. அதில் தோற்பவர்கள் கல்யாண மண்டப அலங்காரத்துக்கோ, பிளெக்ஸ் கடைக் கணினிக்கோ, தோட்டத்துக்கோ போய்விடுகிறார்கள். கலை உலகம் அவர்களை இழந்ததைக்கூட அறிவதில்லை.

வேலை கிடைத்தாலும் உழைப்பின் பலன் யாருக்கு? 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவில் ஒரு விதி வைத்திருக்கிறது. ஒருவர் கேட்டுப் பணம் கொடுத்து வரையப்பட்ட ஓவியத்துக்கும் எடுக்கப்பட்ட நிழற்படத்துக்கும், மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். ஒருமுறை கொடுத்த சொற்பத் தொகைக்கு அந்தப் படத்தை அவர் எத்தனை முறை வேண்டுமானாலும் அச்சிட்டு விற்கலாம். ஒப்பந்தம் எழுதிக்கொள்ளும் பலம் இல்லாத புதிய பட்டதாரியே இதில் முழுமையாகச் சுரண்டப்படுகிறார். செயற்கை நுண்ணறிவு நொடியில் படம் தரும் இக்காலத்தில், படங்களின் உரிமை யாரிடம் என்பது வாழ்வா சாவா என்ற கேள்வியாகிவிட்டது.

இந்த நிலை இயற்கையானதன்று. விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் அரசே ஓவியர்களுக்கு வேலை உருவாக்கியது. 1950-களில் புபுல் ஜெயகரின் முன்முயற்சியில் நெசவாளர் சேவை நிலையங்கள் தொடங்கப்பட்டன. தறிக்கு வடிவம் தர ஓவியர்கள் மாதச் சம்பளத்தில் அமர்த்தப்பட்டார்கள். மும்பை நிலையத்தில் பிரபாகர் பார்வே, சென்னையில் ரெட்டப்ப நாயுடு எனப் பலர் பணியாற்றினர். தமிழ் இதழ்களின் பக்கங்களில் நவீனக் கோட்டோவியத்துக்கு இடம் பெற்றுத்தந்த ஆதிமூலமும் இந்நிலையத்தில் வேலை பார்த்தவரே. நெசவாளிக்குப் புதிய வடிவம் கிடைத்தது. ஓவியருக்குச் சோறு கிடைத்தது. நாட்டுக்கு நவீன ஓவியம் கிடைத்தது. இந்த மரபை மோடி அரசு எப்படி மதித்தது? பெருந்தொற்றின் நடுவே, 2020 ஜூலை இறுதியில் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தையும், ஆகஸ்ட் தொடக்கத்தில் அகில இந்தியக் கைவினை வாரியத்தையும் கலைத்தது. கைவினைஞர்களின் குரலுக்கு இருந்த மிச்ச இடமும் அதோடு போயிற்று.

கேரளத்தில் 2016-இல் அமைந்த இடது ஜனநாயக முன்னணி அரசு மாற்று வழி ஒன்றைக் காட்டியது. மாநிலம் உருவான வைர விழாவையொட்டி 1,000 இளங்கலைஞர்களுக்கு மாத உதவித்தொகை வழங்கப்பட்டது. அவர்கள் உள்ளாட்சிப் பகுதிகளில் மக்களுக்கு இலவசமாகக் கலை கற்பித்தார்கள். கலைஞர் பிழைத்தார், கிராமமும் கற்றது. அத்திட்டம் காலவரையறைக்கு உட்பட்டது என்ற குறை உண்டு. உதவித்தொகைக்குப் பின்னால் நிலையான வேலை வரவேண்டும் என்பதே அதிலிருந்து நாம் பெறும் பாடம்.

தனியாக நிற்பவருக்குப் பேரம் பேசும் பலம் இல்லை. கூடி நின்றவர்கள் வென்றிருக்கிறார்கள். 1966-இல் சென்னைக் கலைக் கல்லூரி முதல்வர் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் இளம் ஓவியர்களும் சிற்பிகளும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினர். பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். வயிற்றுக்குக் கைவினை, மனத்துக்கு ஓவியம் என்பது அவர்களது ஏற்பாடு. வடகரையில் 1925-இல் தோன்றிய ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் சாலையும் பாலமும் கட்டி வளர்ந்தது. இன்று இரிங்ஙல்லில் சர்காலயா கைவினைக் கிராமத்தையும் நடத்துகிறது. போடியிலும் இடுக்கியிலும் விளையும் ஏலக்காய்க்குப் பொதியும் விளம்பரமும் வடிவமைக்க, மூணாறுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்குத் தரமான கலைப்பொருள் தர, எல்லைப் பகுதிப் பட்டதாரிகளின் கூட்டுறவுச் சங்கம் ஏன் கூடாது?

ஆகவே, நமது கோரிக்கைகள் தெளிவாக இருக்கவேண்டும். ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் முழுநேர ஓவிய ஆசிரியர் வேண்டும். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 2014 திருத்தத்துக்குப் பின் பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் இடம் தருகிறது. அதைப் பயன்படுத்தி அருங்காட்சியகங்கள், தொல்லியல் துறை, பாடநூல் நிறுவனங்கள், கைத்தறிச் சங்கங்கள் ஆகியவற்றில் கவின்கலைப் பட்டதாரிகளுக்கு ஊதியத்துடன் பயிற்சி தரவேண்டும். பிரான்சில் 1951 முதல் அரசுக் கல்விக் கட்டடங்களின் செலவில் நூற்றில் ஒரு பங்கு கலைப் படைப்புக்கு ஒதுக்கப்படுகிறது. இங்கும் அத்தகைய சட்டம் தேவை. கேட்டு வரைந்த படத்தின் உரிமை வரைந்தவரிடமே தங்கும்படி 17-ஆவது பிரிவு திருத்தப்படவேண்டும். ஒப்பந்தம் எழுதுவது, விலை சொல்வது, சங்கமாகச் சேர்வது ஆகியவை கல்லூரியிலேயே பாடமாகவேண்டும். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளின் சான்றிதழ்ச் சிக்கலை இரு மாநில அரசுகளும் கலந்து பேசித் தீர்க்கவேண்டும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. 1943 வங்கப் பஞ்சத்தின்போது இளம் ஓவியர் சித்தபிரசாத்தை மேதினிப்பூருக்கு அனுப்பி, அவர் வரைந்தவற்றைத் தன் ஏட்டில் வெளியிட்டது கம்யூனிஸ்ட் கட்சி. அப்படங்கள் கொண்ட நூலைக் கைப்பற்றி எரிக்குமளவுக்கு ஆங்கில ஆட்சி அஞ்சியது. அதே சித்தபிரசாத் தம் இறுதிக் காலத்தை மும்பையில் வறுமையில் கழித்து 1978-இல் மறைந்தார் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்கவேண்டும். இயக்கத்துக்குக் கலைஞர் தேவைப்படும் நாள்களில் மட்டும் அவரைத் தேடுவது போதாது.

மாநாட்டுப் பந்தலுக்கும் சுவரொட்டிக்கும் நூல் அட்டைக்கும் உள்ளூர்க் கலைப் பட்டதாரியை அழையுங்கள். உரிய கூலியைப் பேசிக் கொடுங்கள். படத்தின்கீழ் அவர் பெயரை அச்சிடுங்கள். ‘தோழர்தானே, சும்மா வரைந்து தருவார்’ என்ற பேச்சு நம் அலுவலகங்களில் ஒலிக்கக் கூடாது. ஏலக்காய் பறிக்கும் கைக்கு நியாயமான கூலி கேட்டு இந்த மலையில் போராடிய இயக்கம், அந்தக் கையைப் பார்த்து வரையும் கைக்கும் கூலி கேட்கக் கடமைப்பட்டது.