சிங்கத்தை விட்ட வீரர்கள்

திண்டுக்கல் மலைக்கோட்டை மேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் சிறுமலை தெரியும். மறு பக்கம் பழனி மலைத்தொடர் தெரியும். நடுவே சமவெளி பரந்து கிடக்கிறது. தை பிறந்துவிட்டால் அந்தச் சமவெளியில் வாடிவாசல்கள் எழும்பும். கொசவபட்டி, உலகம்பட்டி, புகையிலைப்பட்டி என்று ஊர் ஊராகக் காளைகள் சீறிப் பாயும். திமிலைப் பிடிக்க வாலிபர்களும் பாய்வார்கள்.

எலும்பு முறியும். சில சமயம் உயிரும் போகும்!

"உயிருக்குப் பயந்தால் அது வீரமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் ஆப்பிரிக்காவின் மசாய் மக்கள் கதையைக் கேட்க வேண்டும்.

ஈட்டி ஏந்திய இளைஞர்

கென்யாவிலும் டான்சானியாவிலும் மாடு மேய்த்து வாழ்பவர்கள் மசாய்கள். மாடுதான் அவர்களுக்குச் செல்வம். சிவப்புப் போர்வை போர்த்தி, நீண்ட ஈட்டி ஏந்தி நிற்கும் இளைஞனுக்கு 'மொரான்' என்று பெயர். ஊரையும் மந்தையையும் காப்பது அவன் கடமை. சில ஆண்டுகள் சென்றதும் 'யுனோட்டோ' என்ற சடங்கு நடக்கும். அவன் வளர்த்த நீண்ட முடியைப் பெற்ற தாயே மழித்துவிடுவாள். துள்ளித் திரிந்த காலம் முடிந்தது. பொறுப்பு வந்தது என்று அர்த்தம்!

இந்தச் சடங்குகள் அழிந்துவிடாமல் அவசரமாகக் காக்கப்பட வேண்டியவை என்று யுனெஸ்கோ 2018-ல் பட்டியலில் சேர்த்தது.

முன்பெல்லாம் சிங்கத்தை ஈட்டியால் குத்திக் கொன்றவனே ஊர் போற்றும் வீரன். நாளடைவில் சிங்கங்கள் அருகின. 1977-ல் கென்யா அரசு வேட்டையைத் தடை செய்தது. ஆனால், சட்டம் வந்தவுடனே ஈட்டி உறங்கிவிடவில்லை. இளம் வீரர்களுக்கு வழிகாட்டும் மூத்தவர்களே பிறகு முன்வந்தார்கள். "சிங்கத்தை விட்டுவிடுங்கள்" என்றார்கள். 2012-ல் கிளிமஞ்சாரோ மலைப் பக்கத்துப் புல்வெளியில் 'மசாய் ஒலிம்பிக்ஸ்' பிறந்தது. ஈட்டி எறிதல், தடி எறிதல், உயரக் குதித்தல், ஓட்டம் என்று பந்தயங்கள் நடந்தன.

சிங்கம் பிழைத்தது. வீரமும் பிழைத்தது!

விருப்பாச்சியின் பெருமை

நம் சீமையின் வீரம் மட்டும் குறைந்ததா? 1772-ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதரைப் பறிகொடுத்த வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்தது திண்டுக்கல் சீமையின் விருப்பாச்சிப் பாளையம். ஹைதர் அலியின் படை உதவியோடு 1780-ல் அவர் சிவகங்கையை மீட்டார். விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கர், கும்பினிக்கு எதிராகப் பாளையங்களை ஒன்று சேர்த்தார். 1801-ல் தூக்குமேடை ஏறினார். அதே ஆண்டு டிசம்பரில், பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையே தடுத்துச் சென்னை கவர்னர் பிரகடனம் போட்டார்.

மசாய் மொரான் காத்தது மந்தையை. விருப்பாச்சி காத்தது அடைக்கலம் என்று வந்தவரை. ஆக, வீரம் என்றால் காவல். பிறரைக் காக்கத் துணிவதற்குத்தான் அந்தப் பெயர். ஒரு தாயின் மகனை வீணாகப் பலி கொடுப்பதற்கு அந்தப் பெயர் பொருந்துமா?

யார் பொறுப்பு?

ஜல்லிக்கட்டை 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தடுத்தது. 2017 ஜனவரியில் மெரினாவிலே மாணவர்கள் திரண்டார்கள். சட்டம் வந்தது. 2023 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டே அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. வழக்கு ஜெயித்தாகிவிட்டது. வழக்கை ஜெயித்தவர்களுக்குத்தான் பொறுப்பு அதிகம்.

இரட்டைத் தடுப்பு, வீரர்களுக்கு வைத்தியப் பரிசோதனை, பெயர்ப் பதிவு என்று விதிகள் இருக்கின்றன. ஆனாலும், இறந்தவர்களில் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் உண்டு! தடுப்பு ஏறிக் குதிக்கும் பையனை அதிகாரியும் போலீசும் மட்டும் தடுத்துவிட முடியாது. அவன் பெயரையும் அப்பன் பெயரையும் அறிந்த ஊர்ப் பெரியவர் தடுக்கலாம். "இறங்குடா தம்பி" என்று அவர் ஓர் அதட்டல் போட்டால் போதும்.

மசாய் மூத்தவர்கள் செய்தது இதுதான். விழாவை அவர்கள் ஒழிக்கவில்லை, பிள்ளைகளைக் காத்தார்கள். அடுத்த தைக்கு வாடிவாசல் கட்டும்போது, திண்டுக்கல் சீமைப் பெரியவர்களும் தடுப்புக்கு அருகே தங்களுக்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொள்ளட்டும். பரிசு மேடையை விட அந்த இடமே கௌரவமானது.