டப்பியைத் தேய்க்காதீர்கள்

மே 31 வந்தது, போயிற்று. 1987இல் உலக சுகாதார மாநாடு தீர்மானம் போட்டு, மறு ஆண்டு ஏப்ரல் 7ஐப் புகையற்ற நாளாக அனுசரித்து, பிறகு மே 31க்கு மாற்றிக்கொண்ட உலகப் புகையிலை எதிர்ப்பு நாள் அது. வழக்கம்போல இந்த ஆண்டும் சுவரொட்டிகளில் மண்டையோடும் சிகரெட்டும்தான். எனக்கு எரிச்சல் மூட்டுவது மண்டையோடு அல்ல, சிகரெட். 2016-17இல் நாடு முழுவதும் எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் புகைப்பவர்கள் 10.7 சதவீதம், மெல்லுவது, அடக்குவது, மூக்கில் போடுவது என்று புகையில்லாமல் பயன்படுத்துபவர்கள் 21.4 சதவீதம். இரண்டு மடங்கு ஆட்களை விட்டுவிட்டுப் பாதிப் பேருக்குப் படம் போட்டுப் பயம் காட்டுகிறோம். பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயக் காட்டில் களை எடுப்பவருக்குச் சிகரெட் படம் என்ன சொல்லும்? அவருடைய புகையிலை இருப்பது இடுப்பில் செருகிய சுருக்குப்பையில். இதைத்தான் இந்த வாரம் விரிவாக எழுதுவதாக இருந்தேன். ஆனால் சுருக்குப்பை என்று எழுதியதும் பேனா வேறு பக்கம் திரும்பிவிட்டது. பழைய சாமான்களின் பக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புகையிலையை எதில் வைத்தார்கள் என்ற கேள்விக்குத் தமிழில் ஒரு நல்ல வாசல் உண்டு. சீனிச்சர்க்கரைப் புலவரின் ‘புகையிலை விடு தூது’. உ.வே.சாமிநாதையர் 1939இல் பதிப்பித்த சின்னஞ்சிறு நூல். பழனி முருகன்மீது காதல் கொண்ட பெண், கிளியையும் மேகத்தையும் விட்டுவிட்டுப் புகையிலையைத் தூது அனுப்புகிறாள். கையில் கரும்போடு தண்டாயுதபாணி மலைமேல் நிற்கிற செட்டிகுளத்தையும் வடபழனி என்கிறார்கள். ஆகவே இந்த நூலின்மேல் நம் ஊர்க்காரர்களுக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்பது என் கட்சி. அதில் ஒரு கதை வருகிறது. மும்மூர்த்திகளுக்குள் வழக்கு. ஆளுக்கோர் இலையைக் கொடுத்து, மறுநாள் கொண்டுவரச் சொல்கிறது சபை. சிவனிடம் கொடுத்த வில்வத்தைக் கங்கை கொண்டுபோய்விட்டது. திருமாலின் துளசியைப் பாற்கடல் கொண்டுபோய்விட்டது. பிரமன் மட்டும் தன் புகையிலையைக் கலைமகளிடம் கொடுத்து நாவில் வைத்திருக்கச் சொன்னதால் பத்திரமாகக் கொண்டுவந்து வழக்கில் வென்றார். படிப்பவர்கள் புகையிலையின் பெருமையைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அந்தக் கதை சொல்வது வேறு. மூன்றும் இலைதான், ஜெயித்தது இலையல்ல, அதை வைத்த இடம்.

வைத்த இடத்தின் பெருமை தெரிந்தவர்கள் ஐரோப்பியர்கள். பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் வைரம் பதித்த மூக்குப்பொடி டப்பிகளை நூற்றுக்கணக்கில் சேர்த்தார். அவற்றில் சில லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் கில்பர்ட் தொகுப்பில் இருக்கின்றன. சீனர்கள் கைக்கடக்கமான பொடிச் சீசாக்களின் உட்புறத்தில் வளைந்த தூரிகையால் ஓவியம் தீட்டினார்கள். அவற்றைச் சேர்ப்பவர்களுக்கென்றே 1968 முதல் ஒரு சர்வதேசச் சங்கம் இயங்குகிறது. நம்மிடம் என்ன இருந்தது? புகையிலையை வறுத்து இடித்து, நெய்யும் சுண்ணாம்பும் சேர்த்த பட்டணம் பொடி இருந்தது. அதன் வாசமும் ஈரப்பதமும் போகாமல் காத்தது காய்ந்த வாழைப்பட்டையில் செய்த பொடிமட்டை. தீர்ந்தால் தூக்கி எறியலாம், காசும் கிடையாது. எல்லா வகையிலும் சிறந்த பாத்திரம் அது. அதனாலேயே ஒன்றுகூட மிஞ்சவில்லை. மிஞ்சியவை பித்தளை, வெண்கலம், வெள்ளி. ஆகவே இன்று பழைய டப்பிகளைச் சேர்ப்பவர் எவ்வளவு தேடினாலும், தமிழ்நாட்டில் பொடி போட்டவர்களில் வசதி இருந்த சிலரின் பழக்கத்தைத்தான் சேர்க்கிறார். இதைத் தெரிந்துகொண்டு சேர்ப்பது ஒன்று. தெரியாமல் ‘தமிழர் மரபு’ என்று பலகை மாட்டுவது வேறு.

அந்த மிச்சத்தையாவது சரியாக வைத்திருக்கிறோமா? இணையச் சந்தையில், மூடியுள்ள சிறிய பித்தளைச் சாமான் எதுவானாலும் ‘ஆன்ட்டிக் ஸ்னஃப் பாக்ஸ்’ ஆகிவிடுகிறது. சுண்ணாம்புக் கரண்டகம், குங்குமச்சிமிழ், குழந்தைக்கு உரை மருந்து வைத்த டப்பி, எல்லாமே பொடி டப்பிதான். பிரித்தறிய வழி இல்லாமல் இல்லை. கரண்டகத்தின் உள்மூலையில் வெள்ளைக் காரை கல்லாக இறுகியிருக்கும். பல சமயம் சுண்ணாம்பு எடுக்கும் குச்சி ஒரு சங்கிலியில் தொங்கும். சிமிழின் உட்புறம் செந்தூள் ஏறியிருக்கும். பொடி டப்பியில், ஒரே கட்டைவிரல் ஆண்டுக்கணக்கில் தள்ளித் திறந்த இடத்தில் மூடி வழவழவென்று தேய்ந்திருக்கும். கீல் இடுக்கில் கரும்பழுப்பாக நெய்ப்பிசுக்கு நிற்கும். இவ்வளவும் சாட்சியம். இதைத்தான் வியாபாரி புளி போட்டுத் தேய்த்து, பாலிஷ் சக்கரத்தில் கொடுத்துப் பொன்னாக மின்ன வைக்கிறார். புளிமேல் எனக்குப் பகை உண்டு. குழம்புக்குப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சக்கரம் கொண்டுபோகும் இன்னொன்று, பாத்திரக்கடையில் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிக்கொடுத்த பெயர். தலைப்பெழுத்து, பெயர், சில சமயம் ஊர், கல்யாணத் தேதி. நம் பாத்திரங்கள் தாமே சுமந்து வந்த ஒரே பத்திரம் அது. பெயர் போன பெட்டி, எடைக்குப் போடும் பித்தளை. ஆகவே என் வாதம் ஒன்றுதான்: சேகரிக்க வேண்டியது டப்பியை அல்ல, டப்பியோடு ஒட்டியிருக்கும் தகவலை.

இதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது. ‘சேர்ப்பவர் வாங்கியிராவிட்டால் அந்த டப்பி உலைக்குப் போயிருக்கும். வாங்கிக் காப்பாற்றியவரிடம் பாடம் நடத்துகிறீர்களே?’ உண்மைதான். பழைய பித்தளையைப் போட்டு எவர்சில்வர் எடுத்த காலத்தில் உருகிப்போனவற்றுக்குக் கணக்கே இல்லை. ஆனால் காப்பது என்பது உலோகத்தைக் காப்பதோடு முடிவதில்லை. புனேயில் தினகர் கேல்கர் என்ற தனி மனிதர் விளக்கு, பாக்குவெட்டி என்று அடுப்படியும் திண்ணையும் கண்ட சாமான்களை ஆயிரக்கணக்கில் சேர்த்து, இறந்துபோன மகன் ராஜாவின் பெயரில் அருங்காட்சியகம் ஆக்கினார். அரண்மனைச் சொத்து மட்டுமே காட்சிக்குரியது என்ற எண்ணத்தை உடைத்த வேலை அது. புழங்கும் பொருளைப் புழங்கிய விதத்தோடு வைத்தால்தான் அந்த வேலைக்கு அர்த்தம். அரசு காப்பாற்றும் என்றும் இருக்க முடியாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த டப்பியை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. ஆனால் கட்டாயமாகப் பதிவு செய்யவேண்டிய பட்டியலில் சிற்பம், ஓவியம், சுவடி போன்றவைதான் இருக்கின்றன. பொடி டப்பிக்குப் பிறப்புச் சான்றிதழ் எழுத எந்த அலுவலகமும் இல்லை. சேர்ப்பவர் எழுதினால்தான் உண்டு.

இரண்டாவது மறுப்பு கனமானது: ‘புற்றுநோய் தருகிற சரக்குக்கு நினைவுச் சின்னமா?’ தேய்த்து மினுக்கிக் கண்ணாடிப் பேழையில் வைத்த டப்பியைப் பற்றி இந்தக் கேள்வி வந்தால் என்னிடம் பதில் இல்லை. அது வெறும் அழகு. அதைப் பார்த்தால் பொடி போடும் ஆசைகூட வரலாம். தேய்க்காத டப்பி அப்படி அல்ல. தேய்ந்த மூடி, ஒரு மனிதர் நாளைக்கு எத்தனை முறை அதைத் திறந்திருப்பார் என்று காட்டுகிறது. பழக்கம் என்பது எவ்வளவு சின்ன, எவ்வளவு வசதியான, இடுப்பில் செருகக்கூடிய பொருளாக ஒருவரோடு ஒட்டிக்கொள்கிறது என்பதை மண்டையோட்டுப் படத்தைவிட அது நன்றாகச் சொல்லும். 21.4 சதவீதத்தினரிடம் பேச வேண்டுமானால் அவர்கள் கையில் இருப்பது என்ன என்று தெரிந்திருக்க வேண்டாமா?

‘அழுக்குப் பிடித்த டப்பியை யார் விலை கொடுத்து வாங்குவார்கள்?’ என்பது மூன்றாவது, வியாபாரியின் மறுப்பு. வாங்குபவர்கள் பளபளப்புக்குக் காசு கொடுப்பதால்தான் அவர் தேய்க்கிறார்; தவறு தராசின் இந்தப் பக்கத்தில் இருக்கிறது. திருத்துவதும் சுலபம். செட்டிகுளத்திலோ ஆலத்தூரிலோ ஒரு வீட்டிலிருந்து டப்பி வெளியே வரும்போது நான்கு விவரம் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த ஊர், யார் கையில் இருந்தது, அவருக்கு என்ன தொழில், உள்ளே என்ன இருந்தது. வெட்டிய பெயர் இருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது பொடிமட்டை மடிக்கத் தெரிந்தால், பித்தளையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். கடையில் பேரம் பேசும்போது மினுக்கிய டப்பிக்குப் பாதி விலை கேளுங்கள். பிசுக்கோடு இருப்பதற்குக் கேட்ட விலைக்கு மேல் நூறு ரூபாய் கொடுங்கள். நான்கு பேர் இப்படி வாங்கினால் போதும், வியாபாரியே புளியைக் கீழே வைத்துவிடுவார்.