எதைக் காட்டப் போகிறோம்?

மண்டூர்ப் பாடசாலைப் பிள்ளைகள் குருமண்வெளித் துறைக்கு வாவியைக் கடந்து, பெருந்தெருவில் ஏறி, மட்டக்களப்பு நகருக்குக் கல்விச் சுற்றுலா போவதுண்டு. அங்கே அவர்களுக்குக் காட்டப்படுபவை எவை? போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, ஒல்லாந்தர் 1638இல் பறித்துக்கொண்ட கோட்டை. 1924இல் திறக்கப்பட்ட கல்லடிப் பாலம். அதனடியில் நிலாக்கால இரவுகளில் பாடுவதாகச் சொல்லப்படும் மீன்கள். கொள்ளையடிக்க வந்தவனின் மதிலைத் தடவிப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் வீடு திரும்புகிறார்கள். இதற்குப் பெயர் சரித்திரக் கல்வியாம்!

அவர்கள் சென்ற தெரு காத்தான்குடியை ஊடறுத்துச் செல்வது. 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் இரவு, அங்கே இரண்டு பள்ளிவாசல்களில் தொழுது நின்ற நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். நகருக்குச் சற்று வடக்கே சத்துருக்கொண்டான். அதே ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், அவ்வூரிலும் அயலூர்களிலுமிருந்து பிடித்துச் சென்ற 180க்கு மேற்பட்ட தமிழரை, கைக்குழந்தைகளையும் விடாமல், இராணுவம் கொன்று தீர்த்தது. இரண்டுக்கும் இடையே முப்பத்தேழே நாட்கள். சில மைல் தூரம். தமிழாசிரியர் சத்துருக்கொண்டானில் பஸ்ஸை நிறுத்தக்கூடும். காத்தான்குடியில் நிறுத்துவாரா? முஸ்லிம் ஆசிரியர் சத்துருக்கொண்டான்வரை போவாரா?

ஜெர்மனியில் வைமார் என்றொரு நகர் உண்டு. மகாகவி கதே 1775இல் வந்து, 1832இல் கண்மூடும்வரை வாழ்ந்த ஊர். அவருடைய இல்லத்தைக் காண உலகமே போகிறது. அவ்வூரை அடுத்த குன்றின்மேல்தான் 1937இல் நாஜிகள் புக்கன்வால்ட் வதைமுகாமை அமைத்தனர். ஏறத்தாழ 56,000 பேர் அதில் மாண்டனர். 1945 ஏப்ரலில் அதைக் கைப்பற்றிய அமெரிக்கப் படை, வைமார்வாசிகள் சுமார் ஆயிரம் பேரைக் குன்றுக்கு நடத்திச் சென்று, அங்கு கிடந்த பிணங்களைப் பார்க்க வைத்தது.

இடதுசாரிகளாகிய நாம் மறைக்கக் கூடாத பகுதி இனிமேல்தான் வருகிறது. அதே முகாமில் 1945 முதல் 1950 வரை சோவியத் நிர்வாகமும் மனிதரை அடைத்தது. பசியாலும் நோயாலும் 7,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். 1958இல் கிழக்கு ஜெர்மனி அங்கே திறந்த நினைவகம் பாசிச எதிர்ப்பு வீரரைப் போற்றியது, அது நியாயமே. ஆனால் இந்தச் சாவுகளைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. 1990ஐ ஒட்டித்தான் உண்மை பகிரங்கமாயிற்று. இன்று வைமார் செல்பவர் கவிஞன் இல்லத்தையும் காணலாம். இரண்டு ஆட்சிகளும் விட்டுச் சென்ற பிணக்குழிகளையும் காணலாம்.

பழைய புண்ணைக் கிளறி இளம் உள்ளங்களில் பகையை விதைக்கலாமா என்று சிலர் கேட்பர். பகையை விதைப்பது பாதிக் கதை. தன்னவர் சிந்திய இரத்தத்தை மட்டும் அறிந்த பிள்ளை பழிவாங்கப் புறப்படும். தன்னவர் சிந்த வைத்த இரத்தத்தையும் அறிந்த பிள்ளையே நீதியை யோசிக்கும்.

ஆசிரியத் தோழர்களே, கோட்டையையும் காட்டுங்கள், மீன்பாட்டையும் கேட்கச் செய்யுங்கள். ஆனால் ஒரே நாளில், ஒரே பஸ்ஸில், காத்தான்குடிக்கும் சத்துருக்கொண்டானுக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அந்தத் துணிவு நமக்கு வராதவரை நம் வகுப்பறையில் சரித்திரம் என்ற பாடம் இல்லை.