பூங்கா யாருக்குச் சம்பாதிக்கிறது?

சனிக்கிழமை காலை 7 மணி. பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் ஒருபுறம் முதியவர்கள் தைச்சிப் பயிற்சி செய்கிறார்கள். மறுபுறம் பிள்ளைகள் ஆற்றில் கால் நனைக்கிறார்கள். நீர்நாய்கள் கரையேறுமா என்று சிலர் புகைப்படக் கருவியுடன் காத்திருக்கிறார்கள். இவர்களுள் ஒருவர்கூட நுழைவுச்சீட்டு வாங்கவில்லை. ஆனால், புல் வெட்டவும் விளக்கு எரியவும் குப்பை அகற்றவும் பணம் வேண்டும். அதனால், பூங்கா என்றாலே செலவு என்று பலர் நினைக்கிறார்கள். சுமார் 6 மில்லியன் பேர் நெருங்கி வாழும் சிறிய தீவில், 62 ஹெக்டேர் நிலத்தைப் புல்லுக்கும் ஆற்றுக்கும் விட்டுவைக்கலாமா என்றும் கேட்கத் தோன்றும்.

இந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. பூங்காவின் செலவு அதன் ஏட்டிலேயே பதிவாகிறது. வரவோ மற்றவர்களின் ஏட்டில் பதிவாகிறது. நடந்து களைத்தவர் அருகிலுள்ள உணவங்காடி நிலையத்தில் தோசையும் தே தாரிக்கும் வாங்குகிறார். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குச் செல்லும் குடும்பம் மிதிவண்டி வாடகைக்கு எடுக்கிறது. மாலையில் சாத்தே சாப்பிட்டுவிட்டுத்தான் வீடு திரும்புகிறது. அந்தக் கடைக்காரர்களின் கல்லாப்பெட்டியில் விழும் பணத்தில் பூங்காவின் பங்கு எவ்வளவு என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

வராமல் தடுக்கப்பட்ட நட்டமும் அப்படித்தான். அதுவும் எந்த ஏட்டிலும் ஏறாது. பீஷான் பூங்காவின் ஓரத்தில் முன்பு 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள சிமெண்டுக் கால்வாய் ஒன்று இருந்தது. மழைநீரை வடியவிடுவது மட்டுமே அதன் வேலை. அதை உடைத்துவிட்டு, வளைந்து ஓடும் ஆற்றை அங்கே உருவாக்கினார்கள். புதுப்பிக்கப்பட்ட பூங்கா 2012இல் திறக்கப்பட்டது. உடைத்த சிமெண்டையும் வீணாக்காமல் பூங்காவுக்குள்ளேயே ஒரு சிறு குன்றாக்கினார்கள். இப்போது கனமழை பெய்தால் ஆறு இருபுறப் புல்வெளியிலும் பரவி நிற்கும். மழை விட்டபின் மெல்ல வடிந்துவிடும். காலையில் ஓடியாடும் இடம், மாலையில் வெள்ளத்தைத் தாங்கும் இடமாகிறது.

சிங்கப்பூர்ப் பூமலையின் கதை இதைவிடப் பெரியது. 1859இல் அது மக்கள் உலாவி மகிழும் தோட்டமாகத்தான் தொடங்கப்பட்டது. 1877இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 1888இல் பூமலையின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். ரப்பர் பயிரிடும்படி தோட்ட முதலாளிகளிடம் அவர் ஓயாமல் சொல்லி வந்ததால், ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று கேலி செய்தார்கள். ஆனால், 1920ஆம் ஆண்டு வாக்கில் உலகின் ரப்பரில் ஏறக்குறைய பாதியை மலாயா உற்பத்தி செய்தது. உலாவுவதற்கென உருவான ஒரு தோட்டம் நாடுகளின் பொருளாதாரத்தையே மாற்றும் என்று 1859இல் யார் கணக்கிட்டிருக்க முடியும்?

அந்த வளத்தைக் கறந்த கைகளில் பல தமிழர்களின் கைகள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்து பால்மரம் வெட்டின. ஆனால், முதலாளிகள் அடைந்த இலாபத்தில் அவர்களுக்குக் கிடைத்தது மிகக் குறைவு. பசுமையிலிருந்து பிறக்கும் பணம் தானாகவே எல்லாரையும் சென்றடைவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இன்றும் அந்த ஆபத்து உண்டு. பூங்கா அழகானால் அதைச் சுற்றியுள்ள வீடுகளின் விலை ஏறும். கடை வாடகையும் ஏறக்கூடும். அப்போது, பல ஆண்டுகளாகக் காப்பி ஆற்றிக் கொடுத்தவர் வெளியேற, அந்த இடத்தில் ஒரு கேக்குத் துண்டைப் பன்னிரண்டு வெள்ளிக்கு விற்கும் கடை வரலாம். அதையும் வளர்ச்சி என்றுதான் சொல்வார்கள். ஆனால், அது அக்கம்பக்கத்தாரின் வளர்ச்சி ஆகாது.

ஆகவே, ஓரிடத்தில் மட்டும் பெரிய பூங்காவை அமைத்துவிட்டு நின்றுவிடக் கூடாது. தீவெங்கும் 300 கிலோமீட்டருக்கும் அதிகமாக நீளும் பூங்கா இணைப்புப் பாதைகள் இவ்வகையில் மிகவும் பயனுள்ளவை. அவை மிதிவண்டி ஓட்டுபவர்களைச் சுற்றுலாத் தலங்களுக்கு மட்டுமல்லாமல், சாதாரணக் குடியிருப்புப் பேட்டைகளின் காப்பிக் கடைகளுக்கும் அழைத்து வருகின்றன. பூங்காவுக்குள் கடை வைக்க இடம் தரும்போது, அதிக வாடகை தருபவரை மட்டும் பார்க்காமல், குறைந்த விலையில் விற்கும் சிறு வியாபாரிக்கும் ஓரிடம் ஒதுக்க வேண்டும். கழிவறையையும் நிழலான இருக்கையையும் மறந்துவிடக் கூடாது. அவை இல்லாத பூங்காவில் ஒரு முதியவர் அரை மணி நேரத்துக்குமேல் தங்கமாட்டார். பக்கத்துக் கடையில் ஒரு தேநீர்கூட வாங்காமல் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.