கழுவிய முட்டையும் கழுவாத முட்டையும்

நாமக்கல் பண்ணைகளிலிருந்து உள்ளூர்ச் சந்தைக்கு வரும் முட்டையைப் பொதுவாக யாரும் கழுவுவதில்லை. முப்பது குழி அட்டையில் அடுக்கி லாரியில் ஏற்றினால், அது நேராகச் சேலத்து மளிகைக் கடைக்கோ கேரளத்துக்கோ போய்ச் சேரும். கடையில் ஃபிரிட்ஜும் கிடையாது. அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போய்த் திரும்பும் பெற்றோர், அங்கே முட்டை பளிச்சென்று குளிர்பெட்டிக்குள் இருந்ததைச் சொல்லி, "நம்ம ஊர்லதான் சுத்தம் பத்தாது" என்று முடித்துவிடுவார்கள். மகள் லண்டனில் இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. அங்கேயும் சூப்பர் மார்க்கெட்டில் முட்டை வெளி அலமாரியில்தான் இருக்கிறது.

யார் செய்வது சரி? இரண்டுமே சரிதான்; காரணம் ஓட்டின் மேல் இருக்கிறது. முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. கோழி முட்டையிடும்போதே ஒரு மெல்லிய பூச்சு அந்தத் துளைகளை மூடிவிடுகிறது. சால்மோனெல்லா போன்ற கிருமிகள் உள்ளே போகாமல் தடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு.

அமெரிக்கர்கள் எச்சமும் அழுக்கும் போகவேண்டும் என்று முட்டையைக் கழுவுகிறார்கள். அதோடு அந்தப் பூச்சும் சேதமாகிறது. அதனால் பண்ணையிலிருந்து வீடுவரை சுமார் 7 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே வைத்தாக வேண்டும். கழுவும் தண்ணீரும் முட்டையைவிடச் சூடாக இருக்கவேண்டும். குளிர்ந்த நீர் பட்டால் உள்ளிருப்பது சுருங்கி, வெளித் தண்ணீரை அழுக்கோடு துளை வழியாக இழுத்துக்கொள்ளும்.

ஐரோப்பிய ஒன்றியமோ, கடைக்கு வரும் முதல்தர முட்டையைக் கழுவக்கூடாது என்றே பொதுவிதி வைத்திருக்கிறது. கழுவலாம் என்றால் பண்ணைக்காரர் கூண்டைச் சுத்தமாக வைக்க மெனக்கெடமாட்டார் என்ற சந்தேகமும் அதில் உண்டு, நியாயமான சந்தேகம். பிரிட்டனில் 1990களின் இறுதியிலிருந்து கோழிகளுக்கே சால்மோனெல்லா தடுப்பூசி போடுகிறார்கள். அதற்கு அடையாளமான சிங்க முத்திரை உள்ள முட்டையைக் கர்ப்பிணிகளும் அரைவேக்காடாகச் சாப்பிடலாம் என்று அந்நாட்டு உணவுத் தர முகமை 2017இல் அறிவித்தது. ஜப்பானில் சூடான சோற்றில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். அங்கே டப்பாவில் அச்சிடும் தேதியே, எதுவரை பச்சையாகச் சாப்பிடலாம் என்பதற்கான தேதிதான்.

தொல்லை வருவது, அந்த ஊரில் பாதி இந்த ஊரில் பாதி என்று நாம் எடுத்துக்கொள்ளும்போது. அட்டை வீட்டுக்கு வந்ததும் குழாய்த் தண்ணீரில் கழுவி அலமாரியில் வைப்பவர்கள் உண்டு. பூச்சும் போய், குளிரும் இல்லாத முட்டை அது. அழுக்கிருந்தால் சமைக்கும் நேரத்தில் கழுவிக்கொள்ளலாம். ஃபிரிட்ஜில் வைத்ததை வெளியே எடுத்தால் ஓட்டில் நீர் முத்து முத்தாக வேர்க்கும். அந்த ஈரம் கிருமிக்கு வசதி. வைத்தால் சமைக்கும்வரை உள்ளேயே இருக்கட்டும்.

சத்துணவு முட்டையைப் பற்றி இந்தக் கவலை வேண்டாம், நன்றாக வேகவைத்துத்தான் கொடுக்கிறார்கள். யோசிக்கவேண்டியது கலக்கியைப் பற்றி. கொங்கு நாட்டுப் பரோட்டாக் கடையில் அதன் ருசியே பாதி வெந்திருப்பதில்தான். வேண்டாமென்று சொல்ல எனக்கே மனம் வராது. ஆனால் அந்த முட்டை எந்தப் பண்ணையிலிருந்து வந்தது, அந்தக் கோழிக்குத் தடுப்பூசி போட்டார்களா என்று தட்டைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வயதானவர்களும் கூட வந்திருந்தால், அவர்களுக்கு மட்டும் நன்றாக வெந்த ஆம்லெட் சொல்லிவிடுங்கள்.