பைபர் துருப்பிடிக்காது, தம்பி

டியூன் பக்கி மொடல் செய்யிற பெடியங்கள் திரும்பத் திரும்ப விடுற ஒரு பிழை இருக்கு. வண்டி பழசாத் தெரியவேணும் என்று பொடி முழுக்கத் துரு நிறத்தை அள்ளி அடிக்கிறது. நானும் அடிச்சனான். வங்காலைக் கரையில் பைபர் படகு திருத்துகிற ஒரு அண்ணையிடம் அதைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதென்ன இரும்போ?" என்று மட்டும் கேட்டார்.

இரும்பில்லைத்தான். இந்தக் கூரையில்லாத மணல் வண்டிகளில் பேர்போனது மேயர்ஸ் மாங்ஸ். 1964இல் கலிபோர்னியாவில் அதை உருவாக்கிய புரூஸ் மேயர்ஸ், அதற்கு முதல் பைபர் படகு கட்டினவர். தனக்குத் தெரிந்த படகு வேலையைத்தான் காருக்கு இறக்கினார். விற்பனைக்கு வந்த மாங்ஸ்களுக்கு அடியில் இருந்தது வொக்ஸ்வாகன் பீட்டிலின் தளம், அதுவும் வெட்டிக் குறுக்கினது. மேலே பைபர் பொடி. எஞ்சின் பின்னால் இருப்பதால் பாரம் பின்சில்லில் விழும், மணலில் புதையாமல் பிடிச்சு ஓடும். 1967இல் மெக்சிக்கோவின் லா பாஸிலிருந்து டிஹுவானா வரை 34 மணி 45 நிமிடத்தில் ஓடி, மோட்டார் சைக்கிள்காரரின் சாதனையை முறியடித்தார்கள். பிறகு ஆளாளுக்கு அச்செடுத்து விற்க, மனுசன் வழக்குப் போட்டும் தோற்றுப்போனார்.

சில்லுப் பூட்டின படகு என்று சொன்னாலும் பிழையில்லை. அப்படிப்பட்ட வண்டியைச் செய்ய நாங்கள் ஏன் வெளிநாட்டு கிட்டுக்குக் காசு சேர்த்துக்கொண்டு இருக்கிறோம்? கிட் கூடாது என்றில்லை. கைக்கெட்டுகிற இடத்தில் ரெசினும் கண்ணாடி நாரும் தொழில் தெரிந்த ஆளும் இருக்கேக்க, அது வரும்வரை சும்மா இருக்கிறதுதான் கூடாது.

மாங்ஸின் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடைத்தூரம் 80 அங்குலம். 1/25 அளவில் கிட்டத்தட்ட 81 மில்லிமீற்றர். அச்சை ரெஜிபோமில் செதுக்காதீங்கோ. மீன்பெட்டித் துண்டு சும்மா கிடைக்குது என்று நான் செதுக்கினேன், படகு ரெசின் பட்டதும் கரைஞ்சு குழியாப் போச்சு. மரத்தில் செதுக்கி, நல்லா மெழுகு பூசிவிட்டு ஊத்துங்கோ. படகுக்குப் போடுகிற நார் இந்த அளவுக்குத் தடிப்பு, பிரிச்செடுத்து ஒரு மெல்லிய படை போட்டால் காணும். வெளியில் காத்தாட வைச்சுச் செய்யுங்கோ. காய்ந்ததைத் தேய்க்கேக்க முகத்தை மூடுங்கோ, அந்தத் தூள் நெஞ்சுக்குக் கூடாது.

பழசாக்கிறதுக்கு யூடியூப் தேவையில்லை. கவிழ்த்து வைச்ச பழைய படகுக்குப் பக்கத்தில் அரை மணித்தியாலம் குந்தியிருந்தால் போதும். வெயில் பட்ட பக்கம் நிறம் வெளிறி, தொட்டால் கையில் மாவு மாதிரி ஒட்டும். நிழல்பட்ட பக்கம் பழைய மினுக்கம் மிச்சமிருக்கும். தேய்ஞ்ச இடத்தில் போன முறை அடிச்ச பெயின்ட் எட்டிப் பார்க்கும். துரு இருக்கிறது போல்ட் தலையில், அதுக்குக் கீழே தேத்தண்ணி வடிஞ்ச மாதிரி ஒரு கோடு. பக்கியிலும் அவ்வளவுதான். புகைக்குழாய்க்கும் கம்பிச் சட்டத்துக்கும் துரு அடியுங்கோ, பொடியை விடுங்கோ.

மணலும் அப்படித்தான். அரை மில்லிமீற்றர் மணி ஒன்று 1/25இல் பன்னிரண்டரை மில்லிமீற்றர் கல்லாகிவிடும். கரை மணலை நல்ல தண்ணியில் உப்புப் போகக் கழுவி, காயவைச்சு, துணியில் அரிச்சு வாற தூளை மட்டும் போடுங்கோ.

உண்மையான பக்கி எங்கட கரைக்கு வேண்டாம், அதையும் சொல்லிவிடுகிறேன். மணலைப் பிடிச்சு வைச்சிருக்கிற அடம்பன் கொடியையும் இராவணன் மீசையையும் அது உழுதுபோடும். 2010இலிருந்து ராம்சார் பட்டியலில் இருக்கிற வங்காலைச் சரணாலயமும் பக்கத்தில்தான். மேசையில் நிக்கிற வண்டியால் பூநாரைக்குக் கரைச்சலில்லை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. மொடல் செய்கிற வெளிநாட்டுக்காரரை "மாஸ்டர்" என்கிறோம். வெடிச்ச படகை ஒரு பகலில் தண்ணி புகாமல் ஒட்டி, நிறம் பிசகாமல் முடிக்கிற அண்ணை எங்களுக்கு வெறும் கூலிக்காரர். "படிக்காட்டி இந்த ரெசினோட கிடப்பாய்" என்று பயமுறுத்துகிற வீட்டில்தான் நாங்களும் வளர்ந்தோம்.

இரண்டாவது பொடியையும் கொண்டுபோய்க் காட்டினேன். ஊசியால் கீறியிருந்த வெடிப்புகளைக் கிட்டப் பிடிச்சுப் பார்த்தார். "இது பரவாயில்லை. ஆனா வெடிப்பு நடுவில சும்மா தொடங்காது, போல்ட் ஓட்டையில இருந்துதான் ஓடும்." அந்தப் பக்கத்தைத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.